இரண்டு விரல் இடைவெளி

“ஏனுங்கம்மிணி, நீங்க எத்தன மூட்டை இருப்பீங்க?”

ஐயாக்கண்ணு இப்படிக் கேட்டதும் இன்பமேரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கஞ்சிப் போசியைக் கையில் பிடித்தபடியே லைன் வீட்டு வாசலில் நின்றாள்.

“என்னங்கண்ணா கேக்கறீங்க?”

“எடையத்தானுங்க. காருக்குள்ள யாராரு உக்காரப் போறீங்களோ, அவங்கவங்களுக்குப் பதுலா மண்ணு மூட்டைய வெச்சுப் பாக்கணுமாம். உங்க தம்பி சொல்றான்.”

“எனக்கு ஒன்னு வெச்சாப் போதும். தின்னாத்தான எடை போடறதுக்கு.”

“சரி, உங்களுக்கு ஒன்னு. உங்க நாத்தனாருக்கு?”

இன்பமேரி குரலைத் தாழ்த்தினாள். “அத அவங்ககிட்டயே கேட்டுக்கங்க. என்னய ஏன் சண்டைக்கு இழுக்கறீங்க?”

உள்ளேயிருந்து மரியபுஷ்பத்தின் குரல் வந்தது. “எனக்கும் ஒன்னுதான்யா!”

“ஒன்னாங்க? ரெண்டு வெச்சுக்கறேனுங்க. ஒன்னு உங்களுக்கு, இன்னொன்னு நீங்க தின்ன சோத்துக்கு.”

“உன் வாயில புத்து வெக்க! செம்மநத்தத்துலருந்து நடந்து வந்து எங்க ஊட்டு வாசல்ல நின்னு என் சோத்தக் கணக்குப் பாக்கறான் பாரு.”

காருக்கு அடியில் படுத்திருந்த இன்பமேரியின் தம்பி பாக்கியநாதன் சிரித்தது கேட்டது. அந்த வீட்டில் யாராவது சிரித்து வெகுநாளாகியிருந்தது. சிரித்தவனுக்கே அது உறைத்ததோ என்னவோ, சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

அது எண்பத்தாறாம் வருஷத்து ஐப்பசி. ஏற்காட்டு மலையிலுள்ள நாகலூரில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கியிருந்தது. இன்பமேரியின் புருஷன் சூசைமாணிக்கம் போன மாசி மாதம் மிளகு பறிக்கையில் சவுக்கு மரத்திலிருந்து விழுந்தவன். அங்கே சில்வர் ஓக்கை எல்லாரும் சவுக்கு என்றுதான் சொல்வார்கள். ஒற்றை மூங்கில் ஏணி ஈரத்தில் வழுக்கியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கீழே சேலம் பெரியாஸ்பத்திரியில் கொஞ்ச காலம் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறான். படுத்துப் படுத்து முதுகின் அடியில் புண் வந்தது. முதலில் ஒரு நெல்லிக்காய் அளவு. வேப்பிலை அரைத்துப் போட்டும், மஞ்சள் தண்ணீரால் கழுவியும் அது அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டி, அழுகின சதையை வெட்டியெடுத்து மருந்து வைத்துக்கொண்டே இருந்தால்தான் ஆள் தங்கும் என்று ஊர் டிஸ்பென்சரி சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எதில் கொண்டுபோவது? பஸ்ஸில் படுக்கவைக்க இடமில்லை. ஒரு தடவை எஸ்டேட் ஜீப்பில் கொண்டுபோனார்கள். ஜீப்பின் உயரத்துக்கு அவனைத் தூக்கி ஏற்றும்போது, பிடித்த நாலு கையும் நாலு பக்கம் இழுத்ததில் புண் கிழிந்து ரத்தம் பாய்ந்துவிட்டது. “இனி இதுல வேண்டாம் புள்ள, என்னைய இங்கயே உட்ருங்க” என்று அவன் கத்தினது லைன் முழுக்கக் கேட்டது.

அப்புறம்தான் இந்தக் கார் வந்தது. பாக்கியநாதன் வேலை பார்த்த எஸ்டேட்டின் சின்ன முதலாளி பந்தயத்துக்கென்று வைத்திருந்த பியட். முன்பக்கத்துச் சுருள் ஸ்பிரிங்கை வெட்டி, பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளில் சிலதைக் கழற்றி, தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தான். எஸ்டேட் கைமாறியபோது, டிரைவராக இருந்த பாக்கியநாதனுக்குக் கொடுக்க வேண்டியதற்குப் பதிலாக அந்த வண்டியைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். வந்த புதிதில், “இதென்னடா மாப்புள, ஒக்காந்துக்கிட்டே மலை ஏறுமா?” என்று படுக்கையிலிருந்தே சூசை கேலி பண்ணினான்.

பாக்கியநாதனும் வண்டியைப் பழைய உயரத்துக்கே ஏற்றிவிடலாம் என்றுதான் இருந்தான். ஆனால் வாசலில் நிறுத்தியபோது இன்பமேரிதான் கவனித்தாள். காரின் கதவடியும் சூசையின் கட்டிலும் ஏறக்குறைய ஒரே உயரம். டிரைவருக்குப் பக்கத்து இருக்கையைக் கழற்றிவிட்டு ஒரு பலகையை நீளவாக்கில் போட்டால், தூக்கவே வேண்டாம். கட்டிலிலிருந்து அப்படியே நகர்த்திவிடலாம்.

“பாக்கியம், இத ஒசத்தாத சாமி. இப்படியே இருக்கட்டும்.”

“அதுக்கில்லக்கா, ரோட்டுல கல்லு இடிக்குமே.”

இடித்தது. வெறும் வண்டியாக ஓட்டிப் பார்த்ததிலேயே, நாகலூர் ரோட்டில் தண்ணீர் அரித்துக் கல் துருத்திக்கொண்டிருந்த இடத்தில் அடிவயிறு மோதி ஆயில் ஒழுகிவிட்டது. அதைப் பற்றவைத்துக் கொண்டுவந்தான். ஸ்பிரிங்கைத் தொடக்கூடாது, வண்டியும் இடிக்கக்கூடாது என்றால் ஒரே வழிதான். டயரைப் பெரிதாக்க வேண்டும்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கத்து டயர் கடை மாரியப்பன் டயருக்குள் தலையை விட்டபடியே பேசுகிறவன். இன்பமேரியும் தம்பியோடு போயிருந்தாள்.

“பியட்டுக்கு அஞ்சு இருபது சைஸுதானுங்க. ஆனா இது பியட்டே இல்லீங்களே. வெட்டின வண்டிக்கு நம்பரு கெடையாது.”

“அஞ்சு இருபது போட்டா?”

“போடலாம். கல்லு இடிக்கறது இடிச்சுக்கிட்டேதான் இருக்கும்.”

“அதுக்கு மேல?”

“அஞ்சு தொண்ணூறு இருக்குது. இதே ரிம்முக்கு ஏறும். வண்டி ஒரு விரக்கடை ஒசரும். ஆனா டயரு அகலம் பாருங்க, பாரம் ஏறினா மட்காட்டுல ஒரசுனாலும் ஒரசும்.”

“ஒரு விரக்கடைக்கா இத்தன பாடு?” என்றாள் இன்பமேரி.

“உங்க ஊட்டுக்காரரு முதுகுக்கு ஒரு விரக்கடை பெருசுதானுங்களே.”

பாக்கியநாதன் கேட்டான். “ரெண்டுக்கும் நடுவால ஒன்னு இல்லியா?”

“அஞ்சு அறுபது. அதுதான் இதுக்குச் செரியான சைஸு. சேலத்துல சொல்லி வெச்சு வரவழைக்கணும். எப்ப வரும்னு சொல்ல முடியாது.”

“சொல்லி வெய்யிங்க. அதுவரைக்கும் பெருசே போட்ருங்க,” என்றாள் இன்பமேரி. “கல்லுல இடிச்சா அவரு தாங்க மாட்டாரு.”

“பழசக் குடுத்துட்டு இதக் கொண்டுபோங்க. நல்லாப் பாரம் ஏத்தி ஓட்டிப் பாருங்க. சக்கரத்துக்கும் மட்காட்டுத் தகட்டுக்கும் நடுவால ரெண்டு வெரலாச்சும் போவணும். போவலீன்னா திருப்பிக் கொண்டாந்துருங்க.”

அந்தச் சோதனைக்குத்தான் இந்த மூட்டைகள்.

பாரம் ஏற்றுவதில் ஐயாக்கண்ணுவை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆளில்லை. சின்ன வயதில் மட்டக் குதிரைகளில் ஆரஞ்சு ஏற்றியவன். பிறகு லாரிக்குக் காப்பி மூட்டை. சூசையும் அவனும் ஒரே கயிற்றைப் பிடித்து வளர்ந்தவர்கள். அவன் ஏற்றிய பாரம் மலையில் எந்த வளைவிலும் அசைந்ததில்லை என்று பேர். ஒரு நீள மூட்டையைப் பலகையின்மேல் படுக்கவைத்தான். மற்றவற்றைப் பின்சீட்டில் நிறுத்தி, கயிற்றைக் கதவுக்குக் கதவு இழுத்து, முழங்காலால் அழுத்தி முடிச்சுப் போட்டான்.

ஜன்னலிலிருந்து சூசை பார்த்துக்கொண்டே இருந்தான். காய்ச்சலில்லாத நாள் அது. முகம் தெளிவாக இருந்தது.

“ஐயாக்கண்ணு, அதுல நான் எதுய்யா?”

“நீளமாக் கெடக்குதே, அதுதான்.”

“நல்லா இறுக்கிக் கட்டு. எந்திரிச்சு ஓடிறப் போவுது.”

ஐயாக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டான். “ஏம்ப்பா இப்படிப் பேசறே.”

“பின்ன என்னத்தப் பேசச் சொல்றே? மூட்டைக்கு வாயிருக்குதேன்னு சந்தோஷப்படு.”

பாக்கியநாதன் வண்டியை எடுத்துக் கோயில் முக்கு வரைக்கும் ஓட்டி, அங்கிருந்த வளைவில் முழுசாக ஒடித்துத் திருப்பிக் கொண்டுவந்தான். கல் இடிக்கவில்லை. சக்கரமும் உரசவில்லை. நின்ற வண்டியின் பின்சக்கரத்துக்கு மேலே, தகட்டின் ஓரத்தில் இன்பமேரி தன் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். தாராளமாகப் போயிற்று. அந்தப் பக்கமும் போய் விட்டுப் பார்த்தாள்.

“போவுது பாக்கியம்.”

“மூட்டை இம்மி நவுரல பாத்தீங்களா?” என்று ஐயாக்கண்ணு கயிற்றைத் தட்டிக் காட்டினான்.

அது நகராததுதான் வினை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தார்கள். காய்ச்சல் அதற்குள் முந்திக்கொண்டது. ஒரு விடியற்காலை சூசையின் உடம்பு உதறத் தொடங்கியது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் பல் கிட்டியது. பிறகு நெருப்பாய்ச் சுட்டது. புண்ணின் வாடை வீட்டைத் தாண்டி வாசலுக்கு வந்தது. சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு இன்பமேரியைத் தனியாக அழைத்தார்.

“ரத்தத்துல ஏறிடுச்சும்மா. இப்பவே கெளம்புங்க. கையோட ரத்தம் குடுக்க ஆள் கூட்டிக்கிட்டுப் போங்க, அங்க கேப்பாங்க.”

ஐயாக்கண்ணு ரத்தம் கொடுக்க வருகிறேன் என்றான். மரியபுஷ்பம், தம்பியை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்க முடியாது என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள். கட்டிலை வாசலுக்கு இழுத்து, விரிப்போடு அவனைப் பலகைமேல் நகர்த்தினார்கள். அந்த ஒரு காரியம் நினைத்தபடியே நடந்தது. அவன் முனகக்கூட இல்லை. முதுகில் புண் இருந்ததால் ஒருக்களித்துத்தான் படுக்கவைக்க முடிந்தது. முகம் இடதுபக்கக் கண்ணாடியைப் பார்த்திருந்தது. பின்சீட்டில், அவன் முதுகுப் பக்கமாக, இன்பமேரி தோளைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். அவளை ஒட்டி மரியபுஷ்பம். முன்னால் அவன் காலடியில் ஐயாக்கண்ணு குந்திக்கொண்டான்.

“ஒரு ஜெபம் சொல்லிட்டு எடு பாக்கியம்,” என்றாள் மரியபுஷ்பம்.

“போய்க்கிட்டே சொல்லுங்கத்தே. நேரமில்ல.”

ஏற்காடு வரைக்கும் ஒன்றும் இல்லை. மழை தூறியது, ஏரிமேல் பனி படுத்திருந்தது. மலை இறங்கத் தொடங்கி முதல் கொண்டை ஊசி வளைவில் பாக்கியநாதன் ஸ்டீரிங்கை ஒடித்தான். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சரிந்தார்கள். மரியபுஷ்பத்தின் முழு எடையும் இன்பமேரிமேல் சாய்ந்து, இன்பமேரி புருஷன்மேல் படாமலிருக்கக் கதவை எட்டிப் பிடித்தாள். அந்த நேரம் அடியில் ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். ரப்பர் கருகும் வாடை உள்ளே அடித்தது.

பாக்கியநாதன் ஓரங்கட்டி இறங்கினான். இன்பமேரியும் இறங்கிப் பார்த்தாள். வளைவின் வெளிப்பக்கமிருந்த பின்சக்கரத்தில் கத்தியால் கீறினதுபோல ஒரு தடம்.

“ரெண்டு வெரல் போச்சே பாக்கியம். நானே விட்டுப் பாத்தனே.”

“நின்ன வண்டியில போச்சுக்கா.”

“கோயில் முக்குலயும் ஒடிச்சுப் பாத்தியே?”

ஐயாக்கண்ணு தலையில் கைவைத்தான். “கட்டிப் போட்டுல்ல பாத்தோம். மூட்டை சாயாது. மனுசரு சாயறோம். எல்லாப் பாரமும் ஒரே பக்கம் வந்து உளுவுது.”

பாக்கியநாதன் ஜாக்கிக் கம்பியால் தகட்டின் ஓரத்தை நெம்பி மடக்கினான். கொஞ்சம் மடங்கியது. அடுத்த வளைவில் எதிர்ப்பக்கச் சக்கரம் உரசியது. அதையும் நெம்பினான். அதற்கடுத்த வளைவில் மறுபடி முதல் சக்கரம். இந்த முறை கீறல் ஆழமாகி உள்ளேயிருந்த நூல் வெளியே தெரிந்தது.

“ஸ்டெப்னி?” என்றான் ஐயாக்கண்ணு.

“பழசெல்லாந்தான் குடுத்தாச்சே.”

“திரும்பி மேல போயிரலாமா?”

“மேல என்ன இருக்குது? வேற காரு வெச்சிருக்கியா நீ?”

மரியபுஷ்பம் கதவைத் திறந்து இறங்கினாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். “நான் இங்கயே நின்னு பஸ்ஸுல வாரேன். என் பாரந்தான் பாரம். அன்னிக்கு ரெண்டு மூட்டைன்னு சொன்னப்பக் கோவிச்சுக்கிட்டேன். தம்பியக் கொண்டுபோங்க சாமி. நிக்காதீங்க.”

அவளை மழையில் விட்டுவிட்டுப் போனார்கள். அப்படியும் அடுத்த வளைவில் உரசியது. சத்தம் குறைந்திருந்தது, வாடை குறையவில்லை.

“எங்க வந்திருக்கறோம்?” என்று சூசை கேட்டான்.

“எறங்கிக்கிட்டிருக்கறோங்க. இன்னும் கொஞ்சந்தான்.”

“என்னமோ கருகுதே. பாலக் காச்சி மறந்துட்டியா?”

“இல்லீங்க. அடுப்ப அணச்சிட்டேன்.”

இன்பமேரி வெளியே பார்த்தாள். ரோட்டுக்குக் கீழே, புதருக்குள் செங்குத்தாக ஒரு குறுக்குத் தடம் இறங்கிற்று. கல்யாணத்துக்கு முன்னால் ஆரஞ்சுக் கூடை சுமந்து அவள் எத்தனையோ தடவை இறங்கிய தடம். ரோடு ஒரு வளைவுக்கு ஊரைச் சுற்றிப் போகும். தடம் நேராக அடுத்த ரோட்டில் போய் விழும்.

“பாக்கியம், நேர் ரோட்டுல ஒரசறதில்லதான?”

“இல்லக்கா. ஒடிக்கறப்பத்தான்.”

“அப்ப வளைவுக்கு முன்னால எங்கள எறக்கி உட்ரு. அவர மட்டும் வெச்சுத் திருப்பு. நாங்க குறுக்கால எறங்கிக் கீழ வந்து ஏறிக்கறோம்.”

“மாமாவ யாரு புடிச்சுக்குவா?”

இன்பமேரி தன் கழுத்திலிருந்த துண்டை எடுத்து, புருஷனின் மார்போடு பலகையைச் சுற்றிக் கட்டினாள்.

“என்ன புள்ள பண்றே?”

“சாயாம இருக்கறதுக்குங்க.”

“இறுக்கு,” என்றான். சிரித்தானா முனகினானா என்று தெரியவில்லை.

அப்படித்தான் இறங்கினார்கள். வளைவு வந்ததும் வண்டி நிற்கும். இன்பமேரியும் ஐயாக்கண்ணுவும் குதித்துத் தடத்தில் இறங்குவார்கள். செம்மண் சேறாகிக் காலை வாரியது. உண்ணிச் செடியைப் பிடித்துப் பிடித்து, சில இடங்களில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டே போனாள். சேலை முழங்கால் வரை கிழிந்தது. கீழே ரோட்டில் போய் நிற்கவும், பனிக்குள்ளிருந்து கார் வந்து சேரவும் சரியாக இருக்கும். ஏறி உட்கார்ந்து தோளைப் பிடிப்பாள்.

“வந்துட்டியா?”

“வந்துட்டனுங்க.”

“எங்க போறே அடிக்கடி?”

“இங்கதானுங்க இருக்கறேன்.”

மறுபடி வளைவு. மறுபடி சேறு.

“வந்துட்டியா?”

“வந்துட்டேன்.”

“ஏணியப் புடிச்சுக்க புள்ள. ஈரமா இருக்குது.”

“புடிச்சிருக்கனுங்க. பயப்படாதீங்க.”

“கைய உட்றாத.”

“உடல.”

அடுத்த வளைவு வந்தது. உட மாட்டேன் என்று சொன்ன கையை எடுத்துக்கொண்டுதான் இறங்கினாள். இந்தத் தடத்தில் தண்ணீர் ஓடையாக இறங்கிக்கொண்டிருந்தது. பாதியில் ஐயாக்கண்ணு வழுக்கிப் பாறையில் விழுந்தான். எழ முயன்றான், கால் ஊன்ற முடியவில்லை. அவனைத் தோளில் தாங்கி, நின்று நின்று இறக்கிக்கொண்டு வந்தாள். கீழே கார் வந்து நின்று, பாக்கியநாதன் ஹாரன் மேல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

“எவ்வளவு நேரம்க்கா! மாமாவுக்கு மூச்சு வேற மாதிரி வருது.”

இன்பமேரி கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது. முகத்தில் வேர்வை. பிடித்துப் பார்த்த அவன் கை இப்போது சுடவில்லை, சில்லென்று இருந்தது. அதுதான் அவளைக் கலக்கியது.

இன்னும் பாதி மலை இருந்தது. வளைவுக்கு வளைவு வண்டி தங்களுக்காக நிற்பதை நினைத்தாள். ஐயாக்கண்ணு இந்தக் காலோடு இனித் தடத்தில் இறங்க மாட்டான். தான் மட்டும் இறங்கினாலும் ஒவ்வொரு தடவையும் நிற்கத்தான் வேண்டும். ஏறிப் போனால் டயர் போய்விடும்.

“பாக்கியம், நீ போயிரு.”

“அக்கா?”

“எங்களுக்கு நின்னு நின்னு போறதுலயே நேரம் போவுது. வெறும் வண்டியா இருந்தா ஒரசாதில்ல? எங்கயும் நிக்காத. நேரா ஆஸ்பத்திரிக்கு ஓட்டு.”

“நீ இல்லாமயா? அங்க போயி என்ன சொல்றது?”

“டிரைவருதான நீ? ஓட்டு. மத்தத அங்க இருக்கறவங்க பாத்துக்குவாங்க. நான் பின்னாலயே பஸ்ஸப் புடிச்சு வந்தர்றேன்.”

“மாமா கேட்டா?”

அவள் ஜன்னலுக்குள் கைவிட்டு புருஷனின் நெற்றியைத் துடைத்தாள். அவன் கண் திறந்தான். அவளைப் பார்த்தானோ, அவளுக்குப் பின்னாலிருந்த பனியைப் பார்த்தானோ.

“ஏறலியா புள்ள?”

“ஏறறனுங்க. இந்தப் பக்கமா வந்து ஏறறேன். நீங்க கண்ண மூடிக்கங்க.”

சொல்லிவிட்டுப் பின்பக்கமாகச் சுற்றிப் போனாள். கதவைத் திறந்தாள். ஏறாமல் ‘டப்’பென்று சாத்தினாள். தம்பியைப் பார்த்து, ‘போ’ என்று கை காட்டினாள். கார் நகர்ந்து, வளைவில் ஒடித்துத் திரும்பியது. சத்தமே இல்லை. அவ்வளவு சுளுவாகத் திரும்பிப் பனிக்குள் போயிற்று.

“ஒரசல அம்மிணி,” என்றான் ஐயாக்கண்ணு, காலைப் பிடித்துக்கொண்டு.

“ஒரசலீங்க.”

அவன் ரோட்டோரச் சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தான். “நாந்தான் கட்டினேன். கட்டாம ஏத்த எனக்குத் தெரியாதே அம்மிணி.”

“அழுவாதீங்கண்ணா. கட்டினது நீங்க, பெருசு போடுன்னது நானு. ஆஸ்பத்திரிக்குப் போயிச் சேரட்டும். அப்பறம் உக்காந்து ஒருத்தர ஒருத்தரு திட்டிக்கலாம்.”

பஸ் உடனே வரவில்லை. இரண்டு பேரும் நடந்தார்கள். அவன் நொண்டி நொண்டி, அவள் அவனைப் பிடித்தபடி. தலைச்சுமையோடு எதிரே வந்த ஒருத்தி, “யாருக்கு என்னாச்சுங்க, இப்படி ரத்தமும் சேறுமா வர்றீங்க?” என்று கேட்டாள். “ஒன்னுமில்லீங்க, வளைவுல எறங்கினோம்” என்றாள் இன்பமேரி.

மேலேயிருந்து பஸ்ஸின் முனகல் கேட்டதும் நடுரோட்டில் போய்க் கை நீட்டி நின்றுவிட்டாள். டிரைவர் திட்டிக்கொண்டே பிரேக் போட்டார். ஜன்னலுக்குள்ளிருந்து மரியபுஷ்பம் எட்டிப் பார்த்து அலறினாள்.

“ஏ இன்பம்! நீ ஏன் இங்க நிக்கறே? தம்பி எங்க?”

“முன்னால போயிட்டாருங்கண்ணி. வெறும் வண்டியா அனுப்பிட்டேன்.”

“தனியாவா?”

“பாக்கியம் இருக்கறான்.”

“அவன் டிரைவரு, புள்ள. கூட யாருன்னு கேக்கறேன்.”

இன்பமேரி ஏறி, கம்பியைப் பிடித்து நின்றாள். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள், உட்காரவில்லை. பஸ் ஒவ்வொரு வளைவிலும் சாய்ந்தது, எல்லாரும் சாய்ந்தார்கள். அவள் மட்டும் கம்பியோடு ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றாள். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

கீழே போகப் போகப் பனி விலகிற்று. சேலம் வெயிலில் கிடந்தது. இனி வளைவு அதிகமில்லை என்ற இடத்தில் டிரைவர், “யாருதுப்பா அது, வழியில நிறுத்திட்டு?” என்று கேட்டுக்கொண்டே வேகத்தைக் குறைத்தார்.

தாழ்ந்த அந்தக் காரை அவள் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். ஓரமாக நின்றிருந்தது. கதவுகள் திறந்திருந்தன. பாக்கியநாதன் வெளியே தரையில் உட்கார்ந்திருந்தான்.

மரியபுஷ்பம் பஸ் நிற்கும் முன்பே கத்தினாள். “அய்யய்யோ, டயரு போயிருச்சா? பாக்கியம், டயரு போயிருச்சாடா?”

அவன் எழுந்து நின்றான். வாய் கோணியது.

“டயருக்கு ஒன்னும் ஆவலீங்கத்தே.”

இன்பமேரி இறங்கினாள். வேகமாகப் போகவில்லை. காரின் இடதுபக்கம் போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவள் சொன்னபடியே கண்ணை மூடியிருந்தான். மார்பில் அவள் கட்டிய துண்டு அப்படியே இறுக்கமாக இருந்தது. உடம்பு இம்மி நகரவில்லை.

மரியபுஷ்பம் ரோட்டில் உட்கார்ந்து மாரடித்துக்கொண்டாள். ஐயாக்கண்ணு பஸ்ஸின் படியைவிட்டு இறங்கவே இல்லை. கண்டக்டர்தான் அவனைப் பிடித்து இறக்கிவிட்டார்.

“எப்ப?” என்று கேட்டாள் இன்பமேரி.

“இந்த வளைவுக்கு முன்னால. தண்ணி கேட்டாரு. நிறுத்திக் குடுத்தேன். முழுங்கல.”

“வேறென்ன கேட்டாரு?”

பாக்கியநாதன் தரையைப் பார்த்தான்.

“சொல்லு சாமி.”

“ஒவ்வொரு வளைவு திரும்பினதும் கேட்டாருக்கா. ‘அவ ஏறிட்டாளா’ன்னு. ஏறிட்டா மாமா, பின்னால உக்காந்திருக்குன்னேன். ‘சத்தமே காணமே’ன்னாரு. தூங்குதுன்னேன்.”

“நம்பினாரா?”

“தெரியலக்கா. கடைசி வளைவுல கேக்கல.”

பஸ் டிரைவர் இறங்கி வந்து, என்ன செய்யப் போகிறீர்கள், கீழே யாருக்காவது சொல்ல வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாமுங்க, நீங்க போங்க என்று அவள் கைகூப்பினாள். பஸ் போன பிறகு ரோடு வெறிச்சோடிற்று. காரின் அடியிலிருந்து ஏதோ சொட்டியது.

இன்பமேரி வலதுபக்கம் சுற்றி வந்து, கதவைத் திறந்து, பின்சீட்டில் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவன் தோளைப் பிடித்தாள்.

“அண்ணி, வாங்க. ஐயாக்கண்ணண்ணா, ஏறுங்க. பாக்கியம், வண்டியத் திருப்பு. ஊட்டுக்குப் போலாம்.”

பாக்கியநாதன் பின்சக்கரத்தைப் பார்த்தான். வெளுத்த நூல் பிதுங்கிக்கொண்டிருந்தது.

“எல்லாரும் ஏறினா ஒரசும்க்கா.”

“ஒரசட்டும்.”